மஸ்டர் ரோல் இல்லாத பாதை: காஞ்சனபுரியில் நான்கு நாட்கள்

ஆகஸ்ட் 20, செவ்வாய்: தோன்புரி – காஞ்சனபுரி

காலை 7.50க்குப் புறப்பட வேண்டிய வண்டி 8.05க்குக் கிளம்பியது. பாங்காக்கின் பெரிய நிலையத்திலிருந்து இந்த வண்டி போவதில்லை. ஆற்றுக்கு மேற்கே, சந்தையை ஒட்டியிருக்கும் தோன்புரி என்ற சிறிய நிலையத்துக்கு வர வேண்டும். வெளிநாட்டவருக்கு எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், 100 பாட். நம் பணத்தில் 240 ரூபாய்க்குச் சற்று மேல். மூன்றாம் வகுப்பு, திறந்த சன்னல், கூரையில் சுழலும் விசிறி. ஒரு பெண்மணி கூடையோடு ஏறி, வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறும் வறுத்த கோழியும் விற்றார். 40 பாட். நான் சில்லறை தேடியபோது, இறங்கும்போது கொடுத்தால் போதும் என்று சைகை காட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

வண்டி வேகம் பிடித்ததும் அடியிலிருந்து வந்த சத்தம் எனக்குப் பழக்கமானது. தாய்லாந்தில் இன்னும் மீட்டர் கேஜ், இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம். மானாமதுரை – ராமேசுவரம் பாதையில் என் வேலைக்காலத்தின் பெரும் பகுதியைக் கழித்தவன் நான். 2006இல் அங்கே மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது கூடவே நின்றேன். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே தாளத்தைக் கேட்கிறேன்.

9.40க்கு நோங் பிளாடுக் சந்திப்பு. சட்டைப் பையில் இருக்கும் சிறு நோட்டில் நேரம் குறித்துக்கொண்டேன். பணியில் இருந்த நாளிலிருந்தே வந்த வழக்கம். தெற்கே மலேயா போகும் பாதையிலிருந்து ஒரு கிளை இங்கே மேற்கே பிரிகிறது. பார்த்தால் சாதாரணச் சந்திப்புதான். நாலைந்து லைன்கள், ஒரு நாய், பூந்தொட்டிகள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் போர்க் கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் கொண்டு போட்ட சயாம் மரண ரயிலின் பூச்சியம் கிலோமீட்டர் இது. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். இங்கிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இன் நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் கொன்கொய்தா என்ற காட்டிடத்தில் சேர்ந்தன. மலையும் காடும் நிறைந்த இத்தனை நீளத்துக்குப் பதினாறு மாதம் கூட ஆகவில்லை. பாதைப் பராமரிப்பில் இருந்தவனுக்கு அந்தக் கணக்கைக் கேட்டவுடனே வயிறு கலங்கும்.

இந்தப் பாதையைக் கட்டியவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கட்ட வைத்து, பிறகு ஓட்டியவர்களைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அவர்கள் ஜப்பானிய ராணுவத்தின் ரயில்வே ரெஜிமென்ட்டுகள். பர்மாப் பக்கத்தில் ஐந்தாம் ரெஜிமென்ட், சயாம் பக்கத்தில் ஒன்பதாம் ரெஜிமென்ட். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ரயில்காரர்கள் என்று சொல்லலாம். நில அளவை, பாலம், தண்டவாளம் பதித்தல், எஞ்சின் ஓட்டுதல், நிலையம் நடத்துதல் எல்லாம் சிப்பாய்களே செய்தார்கள். டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா பகுதியில் அவர்கள் பயிற்சிக்காகப் போட்டுப் பழகிய பாதை ஒன்றின் மேல் இன்றும் புறநகர்ப் பயணிகள் வண்டி ஓடுகிறது. தேவையில்லாத வளைவுகள் நிறைந்த பாதை அது. வளைவு போடப் பழகத்தானே போட்டார்கள்.

நான் வந்ததற்குக் காரணம் ஒரு மேஸ்திரி. எங்கள் பிரிவில் கேங் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்று, சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா மலேயாவில் பேராக்கில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். சண்டை வந்ததும் கடிதம் நின்றது. சண்டைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிய ஒருவர், சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னாராம். தினமும் காலையில் ஆள் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவது மேஸ்திரியின் வேலை. ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "அதுவும் ரயில் வேலைதானே ஐயா, அங்கேயும் மஸ்டர் இருந்திருக்கும் அல்லவா?" இருந்திருக்கும் என்றுதான் அன்று சொன்னேன். ரயில் வேலை என்றால் எழுதாமல் நடக்காது. எந்த வண்டி எந்த நேரம் கடந்தது, எந்தக் கட்டையை மாற்றினோம், எத்தனை ஆள் வந்தான், எவனுக்குக் காய்ச்சல் எல்லாம் எழுத்தில் இருக்கும்.

காஞ்சனபுரியில் இறங்கும்போது மழை. ஆற்றில் மிதக்கும் அறை ஒன்று, இரவுக்கு 600 பாட். மாலை முழுதும் மழை விடவில்லை. இரவு பதினொன்று வரை பாட்டுப் படகுகள் விளக்கும் ஒலிபெருக்கியுமாக ஆற்றில் போய்க்கொண்டிருந்தன. தூக்கம் வர ஒரு மணி ஆயிற்று.

ஆகஸ்ட் 21, புதன்: கல்லறைத் தோட்டம், அருங்காட்சியகம்

காலை உணவு தெருவோரக் கடையில். கோழி வேகவைத்த நீரில் வெந்த சோறு, மேலே துண்டு துண்டாகக் கோழி, ஓரத்தில் இஞ்சியும் மிளகாயும் சேர்ந்த துவையல். 50 பாட். கடைக்காரப் பெரியவர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைக் காட்டி ஏதோ கேட்டார். கை கூப்பிக் காட்டினேன். அவரும் கூப்பினார். இன்னொரு கரண்டி சாறு ஊற்றினார்.

ரயில் நிலையத்துக்குக் கிட்டத்தில்தான் போர்க் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். வெட்டிய புல், வரிசை பிசகாத வெண்கலத் தகடுகள், ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. 22, 24, 31. நுழைவாயிலில் சுவரில் பதித்த சிறு பெட்டிக்குள் பதிவேடு இருக்கிறது. எவரும் எடுத்துப் பார்க்கலாம். நான் நின்றிருந்தபோது டச்சுக்காரப் பெண்மணி ஒருவர் மகனோடு வந்து, பக்கத்தைப் புரட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே நடந்துபோய் ஒரு தகட்டின் முன் குந்தினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. தன் தாத்தாவின் அண்ணன் என்று பிறகு சொன்னார்.

எப்படி இது முடிந்தது? தெருவைக் கடந்தால் இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையத்தில் அதற்கு விடை கிடைத்தது. 2003இல் ஆஸ்திரேலியரான ராட் பீட்டி தொடங்கிய அருங்காட்சியகம். பாதை வரைபடம், சாய்வுக் கணக்கு, பால மாதிரி எல்லாம் ரயில்காரன் கண்ணுக்கு விருந்து. மூன்று மணி நேரம் உள்ளே இருந்தேன். டிக்கெட்டோடு மாடியில் ஒரு காப்பி. சன்னல் வழியே கல்லறைத் தோட்டம் முழுதும் தெரியும்.

கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகள் இருந்தார்கள். முகாமில் பெயர்ப் பட்டியல் வைத்தார்கள், மருத்துவர்கள் இறப்பைக் குறித்தார்கள். ஜப்பானியர் தடுத்தபோதும் ஒளித்து எழுதினார்கள். தாள் கிடைக்காதபோது கிடைத்ததில் எழுதி, தகரப் பெட்டியிலும் புட்டியிலும் அடைத்து, செத்தவனோடு சேர்த்துப் புதைத்தார்கள். 1945 செப்டம்பரில் அந்த முன்னாள் கைதிகளில் சிலர் அடங்கிய குழு, தாங்கள் போட்ட அதே பாதையில் வண்டியில் போய், மூன்று வாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் நாகாசே தகாஷி, ஜப்பானிய ராணுவப் போலீஸில் அதே வேலை பார்த்தவர். பார்த்தது அவரை விடவில்லை. பிற்காலத்தில் நூறு முறைக்கும் மேல் தாய்லாந்துக்கு வந்து, இறக்கும்வரை இந்தப் பாதையின் பெயரால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் மதிக்கிறேன்.

ஜப்பானிய ராணுவமும் கைதிகளுக்கு ஆளுக்கொரு அட்டை வைத்திருந்தது. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், பிடிபட்ட இடம், மாற்றப்பட்ட முகாம்கள். இறந்தால் குறுக்கே சிவப்புக் கோடு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த அட்டைகள் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ரயில்வே ரெஜிமென்ட்டுகளின் சொந்தக் காகிதம் வேறு கதை. 1945 ஆகஸ்டில் சரணடையும் தறுவாயில் ஆவணங்களை எரிக்கச் சொல்லி டோக்கியோவிலிருந்து எல்லாப் படைகளுக்கும் உத்தரவு போனது. இங்கே பிழைத்தவற்றில் பெரும் பகுதி, பிறகு நடந்த விசாரணையில் சிப்பாய்களும் அதிகாரிகளும் வாயால் சொன்னதுதான். கட்டுமானத்தின் தலைமையில் இருந்த இஷிதா எய்குமாவும் அவருடைய அதிகாரிகளும் சிங்கப்பூரில் 1946இல் வழக்கை எதிர்கொண்டார்கள். இஷிதாவுக்குப் பத்தாண்டுச் சிறை. நாளொன்றுக்கு 3,000 டன் சரக்கு என்று போட்ட திட்டத்தை 1,000 டன்னாகக் குறைத்ததும், முடிக்கும் தேதியை நான்கு மாதம் முன்னே தள்ளியதும் இப்படித் தெரியவந்தவைதான். தேதி முன்னே வந்ததால் 1943 மழைக்காலத்தில், காலரா பரவிய மாதங்களில், வேலை நிற்கவில்லை. முகாம்களில் அதற்கு 'ஸ்பீடோ' என்று பெயர்.

ஆசியத் தொழிலாளர்களுக்கு அட்டை இல்லை. பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர், மலேயாத் தோட்டத் தமிழர் என்று இரண்டு லட்சத்துக்கு மேல் வந்தார்கள். சுமார் 90,000 பேர் செத்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு என்ற சொல்லை அந்தப் பலகையின் முன் நின்று பல முறை படித்தேன். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர் கூலி என்று சொல்லிக் குடும்பத்தோடு ஏற்றினார்கள். அதிகாரி இல்லை, மருத்துவர் இல்லை, எழுதத் தெரிந்தவர் சிலரே. தமிழர் முகாம்களில் நடந்ததை அங்கிருந்தே எழுதியவர்கள் 'கே' படை, 'எல்' படை என்ற பெயரில் 1943இல் அங்கே அனுப்பப்பட்ட கைதி மருத்துவக் குழுவினர். அதாவது, தமிழரைப் பற்றி எழுதியவரும் கைதிதான்.

வரவேற்பு மேசையில் மேஸ்திரி அப்பாவின் பெயரை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அங்கிருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டார். கைதியாக இருந்தால் சில நிமிடத்தில் தேடிச் சொல்வோம், தோட்டத் தொழிலாளர்களுக்குப் பட்டியல் இல்லை என்றார். தாளைத் திருப்பித் தரும்போது இரு கைகளாலும் தந்தார்.

ஆகஸ்ட் 22, வியாழன்: பாலம், வாம்போ, நரக நெருப்புக் கணவாய்

விடியற்காலையிலேயே குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. வளைந்த மேற்பகுதி கொண்ட இரும்புத் தாங்கிகள் ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. நடுவே வளைவில்லாமல் நிற்கும் இரண்டு மட்டும் குண்டுவீச்சில் போனதற்குப் பதிலாகப் போருக்குப் பின் ஜப்பான் தந்தது. தண்டவாளத்தில் பாதி, மலேயாவின் கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்து வந்தது என்று படித்திருக்கிறேன். பாதி என்பது சரியோ தவறோ, அந்தப் பாதை வெறும் தடமாகக் கிடந்தது உண்மை. மலேயாவில் அதைப் போட்டதிலும் தமிழர் கை உண்டு.

பாலத்தருகே சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. ஜப்பானிலிருந்து 90 எஞ்சின்களை, 1,067 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 1,000க்குச் சக்கரம் குறுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். எஞ்சினுக்குப் பின்னால் எரிபொருளும் நீரும் ஏற்றும் டெண்டரின் இரு தோள்களையும் சீவி வைத்திருக்கிறார்கள். பின்னோக்கி ஓட்டும்போது டிரைவருக்குப் பாதை தெரியவேண்டும் என்பதற்காக. அழகான வேலைப்பாடு, மறுக்க மாட்டேன். இதை ஓட்டிய சிப்பாய், கரி இல்லாமல் ஈர விறகைப் போட்டு, குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில், இளகிய மண்மேட்டின் மேல் ஓட்டினான். அவனுக்கும் இருபது வயதுதான் இருந்திருக்கும். அவனுடைய பயணக் குறிப்பேடு கிடைத்தால் நான் கண்டிப்பாகப் படிப்பேன். இதே வகையில் 31ஆம் எண் எஞ்சின் 1979இல் ஜப்பானுக்குத் திரும்பி, டோக்கியோவின் யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்தில் மெருகேற்றப்பட்டு நிற்கிறது. எஞ்சினுக்கு எண் இருந்ததால் ஊருக்குத் திரும்ப முடிந்தது.

10.40 வண்டியில் நாம் தோக். வாம்போவில் பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரத்தூண்களின் மேல் வண்டி ஊர்கிறது. சுற்றுலாப் பயணிகள் எல்லாரும் ஆற்றுப் பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். நான் மறுபக்கம் பாறையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்; கை நீட்டினால் தொடலாம். போருக்குப் பின் இந்தப் பாதையை 12.5 லட்சம் பவுண்டுக்குத் தாய்லாந்துக்கு விற்றார்கள். இன்று ஓடுவது நாம் தோக் வரை 130 கிலோமீட்டர் மட்டும். மீதியைக் காடு எடுத்துக்கொண்டது.

அங்கிருந்து பகிர்வு வண்டியில் கணவாய்க்கு. ஆஸ்திரேலிய அரசு 1998இல் திறந்த நினைவகம், கட்டணம் இல்லை. காதில் மாட்டிக்கொள்ளும் கருவியும் இலவசம். படியிறங்கும்போதே மழை பிடித்தது. பாறையை நடுவே பிளந்து 25 மீட்டர் ஆழம் வரை வெட்டியிருக்கிறார்கள். ஒருவன் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். குழி ஆழமானதும் வெடி. சுவரில் உளி போன தடம் இன்றும் நீளக் கோடாக இருக்கிறது. ஓரிடத்தில் உடைந்த உளியே பாறைக்குள் சிக்கி நிற்கிறது. விரலால் தொட்டேன். மழைநீர் அதன் வழியே வழிந்தது. இரவில் மூங்கில் நெருப்பின் வெளிச்சத்தில் எலும்புக்கூடுகள் போல் ஆட்கள் அசைந்ததைப் பார்த்துத்தான் நரக நெருப்பு என்று பெயர் வைத்தார்களாம். சற்றுத் தூரம் பழைய பாணியில் கட்டையும் தண்டவாளமும் போட்டிருக்கிறார்கள். வளைவின் உள்பக்கம் நின்று கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். நேர்த்தியான வளைவு.

திரும்பும்போது வலது செருப்பின் வார் அறுந்தது. சேறு, கூழாங்கல், ஒரு காலில் செருப்பு. காலில் ஓர் அட்டை ஏறியிருந்ததை மேலே வந்தபின்தான் கவனித்தேன். ஏறி முடிப்பதற்குள் காஞ்சனபுரி பஸ் போய்விட்டது. நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம். அடுத்தது எப்போது என்று எழுதிய பலகை கிடையாது. கடைசியில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று தானாகவே நின்றது. கணவனும் மனைவியும். என்னை முன்னால் உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண் பின்னால் கிழங்கு மூட்டையின் மேல் தார்ப்பாய் போர்த்துக்கொண்டு ஏறினார். எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. காஞ்சனபுரியில் 200 பாட் நீட்டினேன். கணவர் முகம் சுருங்கியது. அவர் மூங்கில் குழாயில் சுட்ட ஒட்டரிசியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். தேங்காய்ப் பாலும் கறுப்புப் பயறும் சேர்ந்த இனிப்பு. இரவு உணவு அதுதான். ஆனந்தமாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி: இரண்டு கல்வெட்டுகள்

புதுச் செருப்பு சந்தையில் 120 பாட்.

பாலத்திலிருந்து சிறிது தூரத்தில், மரங்களுக்கிடையே, ஜப்பானிய ராணுவம் 1944 பிப்ரவரியில் எழுப்பிய நினைவுத்தூண் இருக்கிறது. இறந்த கைதிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் என்று எழுப்பினார்கள். சுற்று மதிலின் பலகைகளில் பல மொழிகள். அவற்றில் ஒன்று தமிழ். எதிர்பார்த்துத்தான் போனேன், ஆனாலும் எழுத்தைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. போர் முடியவில்லை, பாதை ஓடிக்கொண்டிருக்கிறது, காட்டில் இன்னும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போதே தமிழில் ஓர் இரங்கல். அதை எழுதித் தர ஒரு தமிழர் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறார். எழுத்துக் கூட்டி, கல்லில் சரியாக ஏற்றியிருக்கிறார்கள். தமிழ் எழுதத் தெரிந்தவர் கையில் இருந்தார், கல் இருந்தது, கொத்தன் இருந்தான். பெயர் எழுத மட்டும் எவரும் உட்காரவில்லை. எனக்கு வந்தது கோபம். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தும் தணியவில்லை.

பத்து மணிக்கு வாட் தாவோர்ன் வராராம், வியட்நாமிய மரபுக் கோயில். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவுச் சின்னம் இங்கே இருக்கிறது. அதன் அருகே அண்மைக் காலத்தில் தமிழர்களுக்காக நட்ட நடுகல். அங்கே மலேசியாவிலிருந்து வந்த ஓர் அம்மா, எழுபது கடந்தவர், தேங்காயும் கற்பூரமும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சுங்கை சிப்புட்டுக்காரர். என்னைத் தம்பி என்றார். அவருடைய தாய்மாமன்கள் இருவர் கம்பிச் சடக்கு வேலைக்கு என்று போனவர்கள். தண்டவாளத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒருவர் திரும்பி வந்தார், பேச்சு மட்டும் திரும்பவில்லை என்றார். தோட்டத்தில் யார் யார் போனார்கள் என்று தன் அம்மா வாயால் சொன்ன பெயர்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். இருபத்து மூன்று பெயர்கள். சில வெறும் அடையாளம்தான்: 'பால்மரத்துச் சின்னையன்', 'மூன்றாம் லயத்துக் கிழவி மகன்'. எதிரே கட்டம் போட்டு, வந்தார், வரவில்லை என்று குறித்திருந்தார்.

அது மஸ்டர் ரோல். எவரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் போட்ட மஸ்டர் ரோல்.

மேஸ்திரியின் அப்பா வேறு தோட்டம். ஆனாலும் அம்மாவிடம் கேட்டேன். யோசிக்காமல் பேனாவை நீட்டி, கடைசி வரிக்குக் கீழே எழுதச் சொன்னார். பெயர், ஊர், போன ஆண்டு தெரியாததால் ஒரு கோடு, எதிரே 'வரவில்லை'. அவர் வரி எண்ணைப் போட்டார், 24. பிறகு கற்பூரம் ஏற்றினோம். கோயில் பணியாளர் ஒருவர் ஓடி வந்து, காற்றில் அணையாமல் இரு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றார்.

மதியம் 2.48 வண்டி. மீண்டும் 100 பாட், மீண்டும் மழை. நோங் பிளாடுக் 4.12, இருபத்தைந்து நிமிடம் தாமதம்.